செம்பருத்தித் தட்டு

இல்லக்கா, அவரு அங்கயே உக்காரட்டும். ஜன்னல் காத்து பட்டாத்தான் அவருக்குக் குமட்டாது. நீங்க இப்படி என் பக்கத்துல வாங்க. பையைக் குடுங்க, காலுக்குக் கீழ தள்ளிக்கலாம். விருத்தாசலந்தானே? நாங்களும் அங்கதான்.

அதோ, டிரைவர் பக்கம் நீலச் சட்டை, அவருதான் எங்க வீட்டுக்காரர். பாத்தா சீக்காளி மாதிரியா தெரியுது? ரெண்டு மாசத்துக்கு முன்னாடி பாத்திருக்கணும் நீங்க. புவனகிரியில நான் போட்ட சத்தத்தைக் கேட்டிருப்பீங்க. ஸ்டாப்புல நின்ன சனமெல்லாம் என்னையே பாத்துச்சு. பாக்கட்டும். என் புருசனை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், இதுல ஊருக்கு என்ன வந்துச்சு. பஸ்ஸுக்குப் பின்னாலயே ஒருத்தி ஓடி வந்தாளே, பச்சைப் புடவை, அவதான் என் ஓரகத்தி. அவரோட அண்ணன் பொண்டாட்டி. அஞ்சலாட்சின்னு பேரு. இன்னும் ஒரு மாசம் விட்டு வையுடி வேதா, முழுசாத் தேறட்டும்னு கண்ணைக் கசக்கறா. அவ நடிப்புக்கு மாலைதான் போடணும்.

அவகிட்டயிருந்து இந்த மனுசனைப் பிரிச்சுக் கொண்டாந்து மறுபடி என் வீட்டுல உக்கார வைக்கறதுக்குள்ள எனக்கு உசுரே போயிடுச்சுக்கா. இன்னைக்கு ராத்திரி அவரு என் வீட்டுல, என் கையால சாப்பிடணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்.

எல்லாம் ஒரு தட்டுல ஆரம்பிச்சது.

நான் பீங்கான் கம்பெனியில பூ எழுதறவ. ஊருக்கு வெளியில சின்ன கம்பெனி, நாங்க பொம்பளைங்க கொஞ்சப் பேரு. தட்டு, கிண்ணம், கப்பு எல்லாம் கையாலயே செய்யறது. அதுல கையாலயே பூ எழுதறது. அச்சு கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது. நான் எழுதின தட்டு டெல்லிக்குப் போயிருக்கு, கடல் தாண்டிப் போயிருக்கு. நான்தான் இன்னும் சென்னை பாக்கலை.

அதுல ரெண்டு தினுசு இருக்குக்கா. நீலப்பூ, பச்சை இலை, அதெல்லாம் மண்ணு மேலயே எழுதிட்டு, அப்புறம் மேல கண்ணாடி மாதிரி கிளேஸ் ஊத்தி சூளையில சுடுவாங்க. பூ உள்ள போயிடும். அது சாப்பாட்டுத் தட்டு. செவப்பு அப்படி இல்ல. அந்தச் சூட்டுக்குச் செவப்பு தாங்காது, கருகிடும். அதனால தட்டை முதல்லயே சுட்டு எடுத்துட்டு, கிளேஸுக்கு மேல செவப்பை எழுதி, லேசா ஒரு சூடு காட்டுவாங்க. பூ மேலயே நிக்கும், கை வச்சாத் தட்டுப்படும். அதுக்கு அடிப்பக்கம் வளையத்துல ரெண்டு ஓட்டை போட்டுடுவாங்க, கம்பி கோத்து சுவத்துல மாட்டறதுக்கு. செவப்பு எழுத கம்பெனியில என்னை விட்டா ஆளு கிடையாது. என் செம்பருத்தியைப் பாத்தா நீங்க பறிச்சுத் தலையில வச்சுக்கப் பாப்பீங்க.

அஞ்சலாட்சி புதுவீடு கட்டி கிரகப்பிரவேசம் பண்ணினப்ப, எல்லாரும் குத்துவிளக்கும் குக்கரும் தூக்கிட்டுப் போனாங்க. நான் செம்பருத்தி போட்ட தட்டு ஒரு செட்டு, பேப்பர் சுத்தி, மடியிலயே வச்சுக் கொண்டு போனேன். பிரிச்சதும் கூட்டமே வாயைப் பொளந்துச்சு. இவ என்ன பண்ணினா தெரியுமா? தட்டைத் திருப்பிப் பாத்தா. ஓட்டையைப் பாத்தா. இது மாட்டறதுக்குத்தானே வேதான்னா. சாப்பிடறதுக்குத்தான்க்கா கொண்டாந்தேன்னேன். சிரிச்சுக்கிட்டே ஆணி அடிக்கச் சொல்லி, அத்தனையையும் ஹால் சுவத்துல மாட்டிட்டா. அன்னைக்குச் சாப்பாடு வாழை இலை, மறுநாள்லேர்ந்து எவர்சில்வர்.

என் கையால எழுதின தட்டுல அவ வீட்டுச் சோறு விழக் கூடாதாம். எனக்கு அது புரியாதா? வயிறு எரிஞ்சுச்சுக்கா. நான் அழுதுக்கிட்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

வந்தவுடனே ஒரு வைராக்கியம். இனிமே என் வீட்டுல எவர்சில்வரே கிடையாதுன்னு பரண்ல தூக்கிப் போட்டேன். கம்பெனியில நீலப்பூ தட்டு கோணிச்சுன்னா, புள்ளி விழுந்துச்சுன்னா, எங்களுக்கே எடுத்துக்கச் சொல்லிடுவாங்க. செவப்பு கோணிச்சுன்னா மட்டும் பின்னாடி குழியில போட்டு உடைக்கணும். உடைக்கிறதைக் கண்ணால பாக்கணும் அந்த ஞானப்பிரகாசம் அண்ணனுக்கு. சூளை பாக்கறவரு. அவருக்கு ஒரே பாட்டு. அந்தச் செவப்புல விஷம் இருக்கு, சோறு வைக்காதீங்க, புளி பட்டா, எலுமிச்சை பட்டா கரைஞ்சு இறங்கும், உடம்புல தங்கும், நரம்பைப் புடிச்சுக்கும்னு. வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து கேக்கறேன்.

நீங்களே சொல்லுங்க. விஷமா இருந்தா எங்க கம்பெனி மேடம் அதை ஷோரூம்ல வச்சு விப்பாங்களா? வெள்ளைக்காரங்க வாங்குவாங்களா? கோணல் தட்டு வேலைக்காரிக்கு, அழகுத் தட்டு குழிக்கு. நாம அதுல சாப்பிட்டா அவங்களுக்குச் சமமா ஆயிடுவோம்ல, அந்த எரிச்சல். அதுக்கு ஒரு பூச்சாண்டி.

அப்படிப் பாத்தா நான்தானே முதல்ல போய்ச் சேந்திருக்கணும்? பிரஷ்ஷு முனையை நாக்குல வச்சுக் கூராக்கினாத்தான் செம்பருத்திக்கு அந்த மகரந்தக் காம்பு வரும். மத்தவளுங்க தண்ணியில நனைச்சு துணியில ஒத்துவாளுங்க, அதான் அவளுங்க பூவெல்லாம் பூசணிப்பூவா இருக்கு. எனக்கு நாக்குதான். அந்தக் கலரு லேசா இனிக்கும்க்கா. விஷம் எங்கயாவது இனிக்குமா?

எனக்கு என்ன ஆயிடுச்சு இப்ப? ஈறு கொஞ்சம் கறுத்திருக்கு, அது வெத்தலை. என் பொண்ணு இலக்கியாவுக்கு அப்புறம் ரெண்டு தங்கலை, அது வேற கதை. ரெண்டு தடவையும் அஞ்சலாட்சி வீட்டு விசேஷத்துக்குப் போயிட்டு வந்துதான் கலைஞ்சுது. அப்பவே நான் முழிச்சிருக்கணும்.

அதனால உடைக்கப் போற தட்டுல நல்லதா பாத்து, சூளைக்காரரு கண்ணுல படாம புடவைக்குள்ள செருகிக் கொண்டாந்துடுவேன். அவருக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு, ஊறுகாய்க்கு ஒரு கிண்ணம். அந்த ஓட்டைகூட வசதிதான், கழுவி ஆணியில மாட்டிடலாம். புளிக்குழம்பு ஊத்தி அந்தத் தட்டுல சாப்பிட்டா ஒரு தனி ருசிக்கா. அவரு புளிப்பு இல்லாம சாப்பிட மாட்டாரு. காலையில எலுமிச்சைச் சோறு, மத்தியானம் புளிக்குழம்பு, ராத்திரி ரசம், தொட்டுக்க நார்த்தங்காய்.

டிக்கெட்டா? நான் உங்களுக்கும் சேத்து எடுத்துட்டேன், விடுங்க. பரவாயில்லக்கா.

எங்க விட்டேன். ஆங், அவரு. அவரு டெய்லர். தனகோடி டெய்லர்னா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். பிளவுஸ் அளவு எடுத்தா எழுதி வைக்க மாட்டாரு, மனசுலயே நிக்கும். கல்யாணம் ஆன புதுசுல தையல் மிஷின்ல உக்காந்துக்கிட்டே என்னைப் பாத்து, இடுப்பு ஒரு இஞ்சு கூடியிருக்கேன்னு சொல்லிச் சிரிப்பாரு. கோபமே வராத மனுசன்.

அந்த மனுசனுக்கு முதல்ல வயித்து வலி வந்துச்சு. தொப்புளைச் சுத்தி முறுக்கும், சுருண்டு படுத்துடுவாரு. அப்புறம் மலச்சிக்கல். முகம் வெளுத்துப்போச்சு. சும்மா சும்மா எரிஞ்சு விழ ஆரம்பிச்சாரு. ஒருத்தி அளவை இன்னொருத்திக்கு வெட்டிட்டாரு. கடைசியில கை. ஒரு நாளு கத்திரிக்கோலை எடுக்கறாரு, வலது கை மணிக்கட்டுலேர்ந்து தொங்குது. விரலெல்லாம் இருக்கு, புடிக்கறாரு, ஆனா கையைத் தூக்கி நிறுத்த முடியலை. தொவைச்ச துணி கொடியில தொங்கற மாதிரி தொங்குது. என்னைப் பாத்தாரு. வேதா, இது என் கையே இல்லடின்னாரு.

பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போனேன், நான் ஒண்ணும் பட்டிக்காடு இல்ல. டாக்டரு சின்னப் பையன். ரத்தம் கம்மியா இருக்குன்னாரு. அப்புறம் இவரைப் பாத்து, பெயிண்ட் வேலை செய்யறீங்களா, பேட்டரி வேலை செய்யறீங்களான்னு கேட்டாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நான்தான் முந்திக்கிட்டு, இல்ல சார், டெய்லருன்னேன். வீட்டுல யாராவதுன்னு இழுத்தாரு. வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்ல சார், நல்லா இருக்கோம்னேன். திரும்ப வந்து வேற ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கணும்னு சொல்லி அனுப்பினாரு. இருக்கற ரத்தமே கம்மிங்கறாங்க, அதையும் உறிஞ்சறேங்கறாங்க. நான் திரும்பப் போகலை.

எங்க தெருவுல ஒரு அம்மாதான் விஷயத்தை உடைச்சுச் சொன்னாங்க. இது நோவு இல்ல, இடுமருந்து, யாரோ சோத்துல வச்சுட்டாங்க, கடைசியா யாரு வீட்டுல கை நனைச்சான்னு கேட்டாங்க. கிரகப்பிரவேசம். அவ கையால பாயசம் ஊத்தினா, அவரு ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சாரு.

மருந்து எடுக்கிற ஆளுகிட்ட அடுத்த வெள்ளிக்கிழமையே கூட்டிட்டுப் போனேன். வயித்துல ஒரு குழாயை வச்சு உறிஞ்சினாரு. கறுப்பா, முடி சுத்தின ஒரு உருண்டை வந்து தட்டுல விழுந்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்க்கா. அவரு சொன்னாரு, கொஞ்சம் எடுத்தாச்சு, மிச்சம் குடல்ல ஒட்டியிருக்கு. இனிமே வெளியில ஒரு வாய் தண்ணிகூடக் கூடாது. உன் கையால மட்டும் போடு. அவருக்குன்னு தனியா ஒரு தட்டு வை, மூணு வேளையும் அதுலயே சாப்பிடட்டும்னு.

நான் என்ன பண்ணினேன்? இருக்கறதுலயே நல்ல தட்டா பாத்தேன். ஓரத்துல மட்டும் பூ வச்சது வேண்டாம். நடுவுலேர்ந்து விளிம்பு வரைக்கும் ஒரே செம்பருத்தியா நானே ஒண்ணு எழுதினேன், சாமியை வேண்டிக்கிட்டு, ஒரு வார்த்தை பேசாம. டீக்கடையை நிறுத்தினேன். கடைக்குச் சாப்பாடு கட்டிக் குடுக்காம, வீட்டுக்கே வரச்சொல்லி பக்கத்துல உக்காந்து போட்டேன். அவரு வலியில சாப்பாடு வேண்டாம்னாருன்னா பிசைஞ்சு ஊட்டினேன். குழந்தை மாதிரி வாயைத் திறப்பாரு.

அப்பவும் கூடிக்கிட்டே போச்சு. எவ்வளவு பலமா வச்சிருப்பா பாருங்க. அந்தத் தட்டு மேலயே அவ கண்ணு விழுந்துடுச்சுக்கா. குழம்பு படற இடத்துல மட்டும் பூ வெளுத்துக்கிட்டே வந்துச்சு. பளபளப்பு போயி சொரசொரன்னு ஆச்சு, நடுப்பூ பாதி காணோம். எங்க போச்சுன்னே தெரியலை. நானும் வெளுக்க வெளுக்க வேற தட்டு எழுதிக்கிட்டே இருந்தேன்.

அப்பத்தான் அவரு அண்ணன் வந்தாரு. தம்பி கையைப் பாத்துட்டு அழுதுட்டாரு. நான் கம்பெனியிலேர்ந்து வர்றதுக்குள்ள கார் வச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பாம்பு புத்துக்குள்ளயே கொண்டு போயி விட்ட மாதிரி இருந்துச்சு.

ஆனா பாருங்க, அங்க போயி நல்லாயிட்டாரு.

ஆமாக்கா. அதைத்தான் சொல்ல வந்தேன். வைத்தியம் ஒண்ணும் கிடையாது. எவர்சில்வர் தட்டுல சோறு, கஞ்சி, முருங்கைக்கீரை. அவ்வளவுதான். பத்து பதினஞ்சு நாள்ல வயித்து வலி நின்னுச்சு. முகத்துல ரத்தம் வந்துச்சு. போன வாரம் கை கொஞ்சம் நிமிருதாம். அஞ்சலாட்சியே போன் பண்ணிச் சொல்றா, பெருமையா. இதைவிட அத்தாட்சி வேணுமா? நான் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தும் தேறாத மனுசன் அவ வீட்டுல தேறுறாருன்னா என்ன அர்த்தம்? வச்சவளுக்குத்தான் முறிக்கத் தெரியும். ஊரே அதைத்தான் சொல்லுது. கடைசி வரைக்கும் அவரைத் தன் கைக்குள்ளயே வச்சுக்கப் பாக்கறா.

வீடு வீடாவே இல்லக்கா. மிஷின் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வரலை. தீபாவளித் துணியெல்லாம் வெட்டாம மூட்டையாக் கிடக்கு. அவரு வேட்டியை மடிச்சுத் தலைக்கு வச்சுக்கிட்டுப் படுத்தேன், போதுமா.

இன்னைக்குப் போயி நின்னேன். கிளம்புங்கன்னேன். அவரு எந்திரிக்கவே இல்லை. அண்ணன் மூஞ்சியைப் பாக்கறாரு, என் மூஞ்சியைப் பாக்கறாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு.

"இங்க வயிறு வலிக்கலை வேதா."

அவ்வளவுதான் சொன்னாரு. எனக்கு அப்படியே உடம்பு பத்திக்கிச்சு. உங்களுக்கு நான் வேணுமா, இந்த வீட்டுச் சோறு வேணுமா, இப்பவே சொல்லுங்க, இல்லைன்னா நானும் பொண்ணும் இருக்க மாட்டோம்னுட்டேன். அந்த வார்த்தை கேட்டப்புறம்தான் சட்டையை மாட்டினாரு. நல்ல மனுசன்.

பொண்ணுக்காகத்தான் நானும் இப்ப அவசரப்பட்டேன். இலக்கியா, நாலாவது படிக்குது. அதுக்கும் இப்ப வயித்து வலிங்குது. தொப்புளைப் புடிச்சுக்கிட்டு சுருண்டுக்குது, அவங்கப்பா மாதிரியே. டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாங்க, முன்னாடி மாதிரி இல்ல, சொன்னது மறந்துடுது, கிளாஸ்ல தூங்கி விழுதுன்னு. இதுதான்க்கா எனக்குப் பயமா இருக்கு. கிரகப்பிரவேசத்தப்ப அதுக்கு அம்மை போட்டிருந்துச்சு, வீட்டுலயே விட்டுட்டுத்தான் போனோம். அதுக்கப்புறமும் அது அந்த வாசப்படியை மிதிச்சதே இல்ல. அவ குடுத்து ஒரு மிட்டாய் தின்னதில்ல. இருந்தும் வச்சிருக்கா பாருங்க. அங்க உக்காந்துக்கிட்டே இங்க கை நீளுது அவளுக்கு.

என்னக்கா, ஏன் அப்படிப் பாக்கறீங்க?

அதுவா? எந்தத் தட்டுல சாப்பிடுதா? அவங்கப்பா தட்டுலதான். அவரு போனதுலேர்ந்து அதுலதான் சாப்பிடுவேன்னு ஒரே அடம். பெத்த பொண்ணுதானே, தோஷமில்லைன்னு நானும் விட்டுட்டேன். ஏன் கேக்கறீங்க?

இல்லக்கா. அதெல்லாம் இல்ல. நான்தான் சொன்னேனே, அது அந்தச் சூளைக்காரரு கட்டிவிட்ட கதை. நானே எழுதற தட்டு, நாக்குல வச்சு எழுதறது. என் தட்டு என் பிள்ளையை என்ன பண்ணும்? நீங்க என்ன, நான் ஒண்ணு சொன்னா நீங்க ஒண்ணு புடிச்சுக்கறீங்க. தேறினது எவர்சில்வராலயா? நல்லா இருக்கே. அப்ப நான்தான் விஷம் வச்சேங்கறீங்களா, என் புருசனுக்கு?

ரத்த டெஸ்ட்டா? அதை எதுக்கு நீங்க கேக்கறீங்க?

இருங்க. நீங்க எந்த ஊருன்னு சொன்னீங்க? புவனகிரியா? புவனகிரியில எந்தத் தெரு? இல்ல, முதல்ல அதைச் சொல்லுங்க. பஸ்ஸுல அத்தனை சீட்டு காலியாக் கிடக்க, நேரா என்கிட்ட வந்து நின்னீங்களே. நான்தான் கூப்பிட்டேனா? நான் கூப்பிடறதுக்கு முன்னாடியே நீங்க என்னைப் பாத்துக்கிட்டுத்தான் நின்னீங்க. அஞ்சலாட்சியைத் தெரியாதுங்கறீங்க. ஆனா அவ சொன்னதையே சொல்றீங்க, இன்னும் ஒரு மாசம் அங்க இருக்கட்டும்னு.

எங்க எந்திரிக்கறீங்க? உங்க ஸ்டாப்பு இன்னும் வரலை. அவருகிட்ட உங்களுக்கு என்ன பேச்சு? உக்காருங்கக்கா. அவருகிட்டப் போகாதீங்க. அவரு சொல்றவங்க பேச்செல்லாம் நம்பிடுவாரு, அப்படிப்பட்ட மனுசன். கையை விடுங்க. நான் மரியாதையாச் சொல்றேன்.

கண்டக்டர், நிறுத்துங்க. இங்கயே நிறுத்துங்க. தெரியும் சார், விருத்தாசலந்தான் டிக்கெட்டு, எங்களுக்கு இங்கயே எறங்கணும். ஏங்க, எந்திரிங்க. ஆமா, கம்மாபுரந்தான். பரவாயில்ல, அடுத்த பஸ்ஸுல போய்க்கலாம். அந்தம்மா பேசறதைக் காதுல வாங்காதீங்க, அது யாரோ, உங்க அண்ணி அனுப்பின ஆளு. திரும்பிப் பாக்காதீங்க, எறங்குங்க சொல்றேன்.

பாத்து எறங்குங்க. என் தோளைப் புடிச்சுக்கங்க. சீக்கிரம் வாங்க. யாரு என்ன குடுத்தாலும் வாங்கித் தின்னாதே, அப்பா வந்ததும் சேந்து சாப்பிடலாம்னு சொல்லி, பிள்ளையை உள்ள வச்சுப் பூட்டிட்டு வந்திருக்கேன். காலையிலேர்ந்து பசியோட உக்காந்திருக்கும்.